படித்துறையில் நின்ற நேரம்

என் கம்ப்யூட்டரின் கேமரா மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. காயத்துக்கு ஒட்டுகிற அதே பிளாஸ்திரிதான். ஓரம் உரிந்தால் புதிது மாற்றுவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து என்னவென்று கேட்டால் என் மனைவி, "அதுக்கு அடிபட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விடுவாள். விளக்கும் பொறுப்பு என்னிடம் வரும். நான் விளக்கத் தொடங்கினால் காப்பி ஆறும்வரை விடமாட்டேன் என்று சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. இப்போது யாரும் கேட்பதில்லை.

இந்தக் குணம் பிறவியில் வந்ததல்ல. பஜ்ஜியில் வந்தது. நான் பாளையங்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. ஊரார் கொடுக்கும் மனுவையும் ஆதார் நகலையும் வாங்கி, மூலையில் துளை போட்டு, கயிறு கோத்து, கட்டுக் கட்டி அடுக்குவது என் வேலை. பல வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்கினேன். எண்ணெய் ஊறிய தாளிலிருந்து ஒரு பெண்மணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த தேதி, கணவர் பெயர், கதவு எண், பன்னிரண்டு இலக்கம், எல்லாம் தெளிவாக இருந்தன. இடது மூலையில் துளையும் இருந்தது. துளை போட்டது நானா, வேறு யாராவதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பஜ்ஜியைத் தின்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து எரித்தேன். சட்டையில் எண்ணெய்க் கறை போகவில்லை.

அன்றிலிருந்து நான் யாருக்கும் உண்மையான பிறந்த தேதியைக் கொடுப்பதில்லை. ஜவுளிக்கடையில் பில் போடும் பெண் செல் நம்பர் கேட்டால், எப்போதோ துண்டித்துப்போன எங்கள் தரைவழி போன் நம்பரைச் சொல்வேன். சொந்த ஊர் கேட்டால் நான் போயே இராத ஓர் ஊரைச் சொல்வேன். எந்த இடத்தில் என்ன பொய் சொன்னேன் என்பது மறந்துபோகும் என்பதால் ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். அரிச்சந்திரனுக்கு இந்தச் செலவு இருந்திருக்காது.

நான் இவ்வளவு பாடுபட்டு மூடுவதை என் மனைவி பின்னாலேயே வந்து திறந்துவிடுவாள். அவள் நம்பர் வீதியில் இருக்கிற எல்லாக் கடையிலும் உண்டு. நகைக்கடையிலிருந்து அவளுடைய பிறந்தநாளுக்கும் எங்கள் கல்யாண நாளுக்கும் வாழ்த்து வரும். "கடைக்காரன் ஞாபகம் வச்சிருக்கான். நீங்க வச்சிருக்கியளா?" என்று கேட்பாள். இதற்கு என்னிடம் தொழில்நுட்ப ரீதியான பதில் இல்லை.

விலை கொடுக்காமலும் இல்லை. எங்கள் அப்பா வழிச் சொந்தங்களுக்குப் போனில் ஒரு குடும்பக் குழு உண்டு. நான் அதில் சேரவில்லை. சேர்வதற்கு வேண்டிய செயலி என் போனில் இல்லை. சாத்தான்குளத்தில் இருந்த என் சித்தப்பா ஒரு விடிகாலையில் இறந்துபோனார். குழுவில் போட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று குழுவில் போட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நான் அன்று அலுவலகத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் போனபோது வாசலில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவர் சித்தப்பா; அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்பது இன்றைக்கும் நெஞ்சில் கிடக்கிறது. ஆனாலும் அந்தச் செயலியை நான் போடவில்லை. அதற்குப் பிறகு போட்டால், சித்தப்பா முகத்தைப் பார்க்காமல் போனதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும்.

அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "உமக்கு என்ன கோட்டியா வே? உம்ம விவரத்த வச்சு எவன் வே என்ன செய்யப் போறான்? நீரு காலைல அஞ்சு இட்லி திங்கேருன்னு தெரிஞ்சா அமெரிக்காக்காரன் ஆறாவது இட்லியப் புடுங்கிருவானா?"

நான் அவருக்குப் பஜ்ஜிக் கதையைச் சொன்னேன். அவர், "எந்தக் கடை வே? பஜ்ஜி நல்லா இருந்துச்சா?" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு என்னைக் கூப்பிட்டாள். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, பாலம், மலை என்று எது வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். சண்டையும் உண்டு, எங்களுக்கு அதில் ஆர்வமில்லை. இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து ஒரே இடத்தில் நின்று கட்டலாம், கட்டிக்கொண்டே பேசலாம். சேர்வதற்குப் பிறந்த தேதி கேட்டார்கள்.

இங்கேதான் நான் என் புத்தியைக் காட்டினேன். சாதாரணமாகப் பொய் சொல்கிறவன் வயதைக் கூட்டிச் சொல்வான், அல்லது ஏதோ ஒரு தேதியைச் சொல்வான். நான் விதிமுறைகளை முழுதாகப் படித்தேன். சிறுவர்களின் விவரங்களை அவர்கள் சேகரிக்கமாட்டார்களாம், விளம்பரம் காட்டமாட்டார்களாம், எங்கே போகிறார்கள் வருகிறார்கள் என்று பின்தொடரமாட்டார்களாம். படித்து முடித்ததும் எனக்கு ஒன்பது வயது என்று போட்டேன். பெற்றோரின் மின்னஞ்சல் கேட்டது. என்னுடைய இன்னொரு மின்னஞ்சலைக் கொடுத்தேன். அதற்கு ஒரு கடிதம் வந்தது: உங்கள் குழந்தை விளையாட அனுமதி கேட்கிறது. யோசித்துப் பார்த்து அனுமதி கொடுத்தேன்.

மகளுக்கு அப்போது பதின்மூன்று. அவளைவிட நான் நாலு வயது இளையவனாக விளையாட்டுக்குள் போனேன். இதை அவளிடம் சொல்லவில்லை. நோட்டில் மட்டும் எழுதி வைத்தேன்.

நாங்கள் கட்டியது ஒரு படித்துறை. சேரன்மகாதேவி என் மனைவியின் ஊர். அங்கே ஆற்றில்தான் மகள் நீச்சல் பழகினாள். விளையாட்டில் ஓர் ஆறு கிடைத்ததும், "அப்பா, ஆச்சி வீட்டுப் படித்துறையக் கட்டுவோமா?" என்றாள். எத்தனை படி என்பதில் சண்டை வந்தது. அவள் பதினாலு என்றாள், நான் பதினொன்று என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் எண்ணினோம். தண்ணீருக்கு மேலே பதின்மூன்று இருந்தது, தண்ணீருக்குள் எத்தனை என்பதில் மறுபடியும் சண்டை. ஏழாவது படியின் ஓரம் உடைந்திருந்தது. அவள் அந்த உடைசலையும் அப்படியே கட்டினாள். கரையில் நிற்கிற மருத மரத்துக்கு வேண்டிய பச்சை கிடைக்காமல் நான் இரண்டு வாரம் சாயம் கலக்கினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "நெசத்துல அங்கன போயி ரெண்டு முங்கு முங்கிட்டு வரலாம்" என்றாள். வாஸ்தவம்தான். ஆனால் நிஜப் படித்துறையில் நானும் மகளும் பேசிக்கொண்டதில்லை. அங்கே அவள் நீந்துவாள், நான் துண்டோடு நிற்பேன்.

அவள் படித்து முடித்து வேலை கிடைத்துப் புனேக்குப் போனாள். அம்மாவும் மகளும் தினமும் முகம் பார்த்துப் பேசுவார்கள். கடைசியில், "அப்பாட்ட குடுக்கேன்" என்று போனை என் பக்கம் நீட்டுவாள் மனைவி.

"சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா. நீங்க?"

"ஆச்சு."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் எதிராளியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருப்போம். மனைவி போனை வாங்கிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் படித்துறையில் நின்றால் கதை வேறு. கையில் வேலை இருக்கும், முகம் தெரியாது. அவள் கல் அடுக்கிக்கொண்டே, மேலதிகாரி தன்னை மட்டும் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவதைச் சொல்வாள். நான் மண் அள்ளிக்கொண்டே கேட்பேன். வேலையை விட்டுவிடலாமா என்று அவள் முதன்முதலில் கேட்டது அங்கேதான். எனக்குச் சர்க்கரை வந்திருப்பதை அவளிடம் சொன்னதும் அங்கேதான். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு மகள். மற்ற நாட்களில் அவள் என் மனைவியின் மகள்.

இதற்கு முதல் இடைஞ்சல் போன வருஷம் வந்தது. விளையாட்டில் திருட்டாட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க ஒரு காவல் நிரல் போடப்போவதாக அறிவித்தார்கள். அது கம்ப்யூட்டர் எழும்போதே எழும். நாம் என்ன வைத்திருக்கிறோம், என்ன செய்கிறோம் என்று எல்லா அறையையும் பார்க்க உரிமை உண்டு. என் கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸில் அது வேலை செய்யாது. எல்லாரும் வைத்திருக்கிற விண்டோஸ் வேண்டும். படி கட்டுவதில் என்ன திருட்டு என்று கேட்டு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது.

இரண்டு நாள் பொருமிவிட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினேன். அதில் விண்டோஸ் போட்டேன், காவல் நிரல் போட்டேன், கேமராமேல் பிளாஸ்திரி போட்டேன், விளையாட்டைத் தவிர வேறொன்றும் போடவில்லை. வீட்டு இணைப்பில் அதைச் சேர்க்கக் கூடாது என்று தனி இணைப்பு. நடுக்கூடமான பட்டாசலில் என் கம்ப்யூட்டர் இருக்கிற மேஜையில் வைக்கவும் மனமில்லை. புறவாசல் பக்கம், துணி துவைக்கிற மெஷினை ஒட்டி ஒரு பலகை அடித்து வைத்தேன். அதைத் தொட்ட பென் டிரைவை என் கம்ப்யூட்டரில் செருகுவதில்லை.

மனைவி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "இது உங்க முட்டச் சட்டியாக்கும்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் சைவம். மகளுக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் முட்டை கொடுக்கச் சொன்ன காலத்தில், மனைவி அதற்கென்று ஓர் இரும்புச் சட்டியும் கரண்டியும் சின்னக் கரண்ட் அடுப்பும் வாங்கி, இதே புறவாசலில் இதே மூலையில் வைத்திருந்தாள். அந்தச் சட்டி வாசல்படியைத் தாண்டி அடுக்களைக்குள் வந்ததில்லை. கழுவுகிற நார்கூடத் தனி. ஆனால் முட்டை மகளின் வயிற்றுக்குள் இருந்தபடி பட்டாசல், அடுக்களை, பூஜை அறை எல்லாம் சுற்றி வரும். அப்போது நான் அவளைக் கேலி செய்திருக்கிறேன். அந்தக் கேலி எட்டு வருஷம் காத்திருந்து வட்டி இல்லாமல் திரும்பி வந்தது.

துவைக்கிற மெஷின் ஓடும்போது பலகை ஆடும். மகள், "அப்பா, என்ன சத்தம்? ஹெலிகாப்டரா?" என்பாள். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தன.

ஆறு மாதம் போனதும் இரண்டாவது அறிவிப்பு வந்தது. எங்கள் பதிவின்படி நீங்கள் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர். சட்டம் மாறியிருப்பதால், அடையாள அட்டை மூலம் உறுதிசெய்யப்பட்ட பாதுகாவலர் இல்லாத சிறுவர்கள் இனி யாரோடும் பேச முடியாது, பிறர் இருக்கும் இடத்துக்குள் நுழையவும் முடியாது. பதினான்கு நாள் அவகாசம்.

எனக்கு ஐம்பத்தொன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

உண்மையைச் சொல்லிவிடலாமென்று உதவிப் பக்கத்துக்குப் போனேன். பிறந்த தேதியைத் தவறாகக் கொடுத்தது தெரியவந்தால் கணக்கும் அதில் கட்டப்பட்டவையும் நிரந்தரமாக நீக்கப்படலாம் என்று இருந்தது. படித்துறை என் கணக்கில்தான் இருக்கிறது. மகள் அதில் விருந்தாளி. பதின்மூன்று படியும் உடைந்த ஓரமும் மருத மரமும் போய்விடும். மிச்சமிருந்த வழி ஒன்று. எனக்குத் தகப்பனாக நான் கொடுத்திருந்த மின்னஞ்சல் வழியாகப் போய், என் ஆதாரைக் காட்டி, பிளாஸ்திரியை உரித்து, கேமராவுக்கு முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் சாயங்காலம் புறவாசலில் போய் உட்காருவேன். ஆதாரை எடுத்துப் பலகைமேல் வைப்பேன். எண்ணெய் ஊறிய தாளும் அந்தப் பெண்மணியின் முகமும் ஞாபகம் வரும். எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். பதினோரு நாள் இப்படிப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகளிடம் சொல்லாமல் தீராது என்று ஆயிற்று.

"ஏட்டி, அடுத்த வாரம் நான் இங்கன வர முடியாதுபோல இருக்கு."

"ஏம்பா? அலுவலகமா?"

"வயசு பத்தலையாம்."

"யாருக்கு?"

"எனக்கு."

"உங்க கணக்குல எத்தன வயசு போட்டிருக்கிய?"

"பதினேழு."

கையிலிருந்த கல்லை அவள் தண்ணீரில் போட்டுவிட்டாள், திரையில் தெரிந்தது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அப்படிச் சிரித்து நான் கேட்டு இரண்டு வருஷம் இருக்கும். சிரித்து முடித்து, "அப்ப நான் உங்களுக்கு அக்காவா?" என்றாள். முழுக் கதையையும் சொன்னேன். ஒன்பது வயதில் சேர்ந்ததை, எனக்கு நானே அனுமதி கொடுத்ததை, இப்போது ஆதார் கேட்பதை. "குடுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கேன்" என்றேன்.

"யோசிங்க" என்றாள்.

அன்று மத்தியானம் என் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. இவர் உங்கள் பாதுகாவலராக விரும்புகிறார். சம்மதமா? மேலே மகளின் படம். அவள் தன் அடையாள அட்டையைக் கொடுத்து, முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டி முடித்திருந்தாள். அதற்கு அவளுக்கு மூன்று நிமிஷம் ஆயிற்றாம். உறவு என்ற இடத்தில் தாய், தந்தை, பிற என்று மூன்றுதான் இருந்தன, மகள் இல்லை. 'பிற' என்று போட்டிருந்தாள்.

போன் செய்தேன். "எதுக்குட்டி குடுத்த? எங்கிட்ட கேக்கவேண்டாமா?"

"நான் எல்லா எடத்துலயும் குடுத்தாச்சுப்பா. ஒண்ணு கூடுனா என்ன? சம்மதம்னு அமுக்குங்க."

அமுக்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சின்ன வெட்கமில்லை. பெற்ற பிள்ளையின் முகத்தைக் கொடுத்து என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அவள் கொடுக்காமலிருந்தால் மிச்சமிருந்த மூன்று நாளில் நான் கொடுத்திருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கொடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது.

பாதுகாவலர் என்றால் என்னென்ன உரிமை என்று நான் படித்துப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் நான் படிக்காமல் ஒப்புக்கொண்ட விதிமுறை அது ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் ராத்திரி பாதுகாவலருக்கு ஓர் அறிக்கை போகும். பிள்ளை எந்த நாளில், எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எங்கே நின்றது, என்ன செய்தது, எத்தனை பேரோடு பேசியது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம்போல் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா, புதன்கிழம என்ன செஞ்சிய?" என்றாள்.

"ஒண்ணும் செய்யலையே."

"அதான் போட்டிருக்கு. ஒண்ணும் செய்யலன்னு ரெண்டு மணி நேரம் போட்டிருக்கு."

நான் மண் அள்ளுவதை நிறுத்தினேன்.

"திங்கள், செவ்வாய், வியாழனும் அப்படித்தான். கட்டுனது பூஜ்யம். பேசுனது பூஜ்யம். படித்துறையில நின்னது மட்டும் இருக்கு."

"காப்பி குடிக்கப் போயிருப்பேன். அணைக்க மறந்திருக்கும்."

"நாலு நாளுமா?"

துவைக்கிற மெஷின் ஓடத் தொடங்கியது. என் அதிர்ஷ்டம். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். அவள் புனேக்குப் போன நாளிலிருந்து அலுவலகம் விட்டு வந்ததும் நான் அங்கே போய் நிற்பேன். கட்டுவதற்காக அல்ல. அவள் வரமாட்டாள் என்று தெரியும், அது அவளுக்கு வேலை நேரம். ஏழாவது படியில் நின்று ஆற்றைப் பார்ப்பேன். துண்டு மட்டும்தான் இல்லை. என் மனைவிக்குக்கூட இது தெரியாது. நான் ஏதோ பாதுகாப்புப் பரிசோதனை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஜவுளிக்கடைக்கு நம்பர் கொடுக்காமல், நகைக்கடைக்குத் தேதி கொடுக்காமல் இத்தனை வருஷம் நான் மூடி வைத்ததில் உண்மையிலேயே மூடத்தக்கது இது ஒன்றுதான் இருந்தது. அதைக் கட்டம் போட்டு, மணிக்கணக்கோடு என் மகளுக்கே அனுப்பியிருக்கிறார்கள்.

கோபம் வந்தது. கண்காணிப்பை ஏமாற்றுவது எப்படி என்று பதினைந்து வருஷம் படித்தவன் நான். மறுநாளே வேலையைத் தொடங்கினேன். படித்துறைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினேன், மூடினேன், மறுபடியும் வெட்டினேன். அறிக்கையில் நின்ற நேரம் குறைந்து வேலை செய்த நேரம் ஏற வேண்டும். ஒரு வாரம் இப்படி உழைத்தேன். அலுவலகத்தில்கூட அவ்வளவு உழைத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள்: "அப்பா, ஒரே குழிய நாப்பது தடவ தோண்டி மூடிருக்கிய. என்னத்துக்கு?"

"அஸ்திவாரம் பாக்கேன்."

"சரி" என்றாள்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஆறே காலுக்கு நான் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். மேல்படியில் யாரோ இறங்கி வருகிற சத்தம். மகள். அலுவலக வண்டியில் வீட்டுக்குப் போய்க்கொண்டே போனில் வந்திருந்தாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. "பாதுகாவலர்னா திடீர்னு வந்து பாக்கணுமாம்ப்பா. விதிமுறைல இருக்கு" என்றாள். விதிமுறையில் அப்படி இல்லை. அன்றைக்குள் நான் படித்திருந்தேன். "ஆமா, இருக்கு" என்றேன்.

அன்று இருபது நிமிஷம் நின்றாள். போனில் கல் அடுக்க வரவில்லை, அதனால் இரண்டு பேரும் சும்மா நின்றோம். மேலதிகாரி வேலையை விட்டுப் போய்விட்டார் என்றாள். சாப்பாட்டில் தேங்காயே போடமாட்டேன் என்கிறார்கள் என்றாள். பிறகு புதன்கிழமை வழக்கமாயிற்று. சில வாரம் வெள்ளியும் வந்தாள். நான் குழி வெட்டுவதை விட்டுவிட்டேன். அறிக்கையில் நின்ற நேரம் மறுபடியும் ஏறியது. அது ஏறின வாரங்களில் அவள் தவறாமல் வந்தாள், நான் கவனித்திருக்கிறேன்.

போன மாதம் எனக்குப் பதினெட்டு வயது ஆனது. நோட்டில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். முந்தின நாளே ஒரு பெட்டி வந்தது. வாழ்த்துகள். நாளை முதல் உங்கள் செயல்பாட்டைப் பாதுகாவலர் பார்க்க முடியாது. உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம். கீழே பச்சை நிறத்தில் பெரிதாக 'சரி'.

இந்தப் பெட்டிகளை எனக்குத் தெரியும். மறுப்பதற்கான பொத்தானை எப்போதும் கண்ணுக்குப் படாத சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருப்பார்கள், நான் தேடிக் கண்டுபிடித்து அமுக்குவேன். இந்த முறையும் தேடினேன். நாலாவது பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது: பாதுகாவலர் தொடர்ந்து பார்க்க அனுமதிக்கிறேன்.

அமுக்கியதும் காரணம் கேட்டது. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். அவர்கள் கொடுத்திருந்த காரணங்கள் ஒன்றும் பொருந்தவில்லை. நோட்டை எடுத்து, இதற்கு என்ன பொய் எழுதலாம் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு நோட்டை மூடிவிட்டு, 'மற்றவை' என்ற இடத்தில், என் மகள் வெளியூரில் இருக்கிறாள் என்று எழுதினேன்.

இன்னும் நூற்றெழுபது எழுத்துகள் எழுதலாம் என்று காட்டியது. அதற்கு மேல் விவரம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.